மேட்டைக் காக்கச் சட்டம் இருக்கிறது, நினைவைக் காக்க?

இங்கிலாந்தின் யார்க் நகர நடுவில் புல் மூடிய ஒரு மண்மேடு இருக்கிறது. அதன் உச்சியில் நிற்பது கிளிஃபோர்ட்ஸ் டவர் என்ற கல் கோபுரம். நாட்டைப் பிடித்த நார்மன் மன்னன் வில்லியம், அடங்க மறுத்த வடபகுதியை ஒடுக்க 1068-69-இல் யார்க்கில் இரண்டு கோட்டைகளை எழுப்பினான். மண்ணைக் குவித்து, மேலே மரக்கோபுரம் நிறுத்தியவை அவை. அவற்றுக்காக நகரின் ஏழு வட்டாரங்களில் ஒன்று பாழாக்கப்பட்டது. லிங்கன் நகரக் கோட்டைக்காக 166 வீடுகள் போயின. இதைச் சொல்வது அவனே 1086-இல் எடுக்கவைத்த டூம்ஸ்டே கணக்கு.

இந்த மேட்டின் கொடிய நாள் 1190 மார்ச் 16. வெறிக்கும்பலுக்கு அஞ்சி, சுமார் 150 யூதர்கள் மரக்கோபுரத்தில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். கும்பலின் கையில் சிக்குவதைவிடச் சாவதே மேல் என்று பலர் தம் குடும்பத்தாரைக் கொன்று தாமும் மாண்டார்கள். கோபுரம் எரிந்தது. மதம் மாறச் சம்மதித்து இறங்கி வந்தவர்களையும் கும்பல் வெட்டிக் கொன்றது. பிறகு நேராகப் பேராலயத்துக்குப் போய், அங்கிருந்த கடன் பத்திரங்களைக் கொளுத்தியது. தலைமை தாங்கியவர்களில் யூதர்களிடம் கடன்பட்ட பிரபுக்களும் உண்டு. வெறுப்புக்குப் பின்னால் கணக்குப் புத்தகம் இருப்பது சாதியை எதிர்ப்பவர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

பழஞ்சின்னங்களைக் காக்கும் முதல் சட்டம் அங்கே 1882-இல் வந்தது. இன்று நடப்பில் உள்ள 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியலிடப்பட்ட சின்னத்தை அனுமதியின்றித் தோண்டினால் குற்றம். ஆனால், கொல்லப்பட்டவர்களை நினைவுகூரும் கல்வெட்டு மேட்டின் அடியில் வைக்கப்பட்டது 1978-இல்தான். 788 ஆண்டுகள் கழித்து!

மேட்டின் அடிவாரத்தில் பார்வையாளர் மையம் கட்ட 2016-இல் அனுமதி கிடைத்தது. நகர மக்கள் எதிர்த்தார்கள். 2018-இல் திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பை நான் ஆதரிக்கிறேன். மண்ணைக் குடைந்துவிட்டால் சாட்சியமும் போய்விடும்.

ஆனால் மண்ணை மட்டும் காப்பது பாதி வேலை. மன்னன் பெயரையும் கட்டிய ஆண்டையும் மட்டும் சொல்லும் பலகை, வென்றவனின் விளம்பரம். யாருடைய வீடு இடிந்தது, யார் எரிந்தார்கள், யாருடைய கடன் அழிந்தது என்பதையும் அதே பலகையில், அதே அளவு எழுத்தில் எழுத வேண்டும். அதற்குப் பிறகே அதை எல்லோருக்குமான மரபு என்று அழைக்க நான் சம்மதிப்பேன்.