ரஸ்ஸல் பிரபுவும் ரேச்சல் சீமாட்டியும்

இங்கிலாந்து தேச சரித்திரத்தைப் பாடசாலையில் வாசித்த நேயர்களுக்கு இரண்டாம் சார்லஸ் மன்னரின் பெயர் நினைவிருக்கும். அவருடைய ஆட்சியில் 1665-இல் லண்டனில் பிளேக் பரவியதையும், மறு ஆண்டு அந்நகரம் தீக்கிரையானதையும் பரீட்சைக்காக நாம் உருப்போட்டிருக்கிறோம். அதே ஆட்சியில், 1683-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் தேதி, ஓல்டு பெய்லி என்னும் நியாயஸ்தலத்தில், உயிருக்கு வழக்காடிய கணவரின் அருகே ஒரு பெண்மணி பேனாவும் காகிதமுமாக வந்து அமர்ந்தார். பாடப் புத்தகங்களில் இக்காட்சிக்கு இடம் கிடைப்பது அரிது. இவ்வாரம் அத்தம்பதிகளின் வரலாற்றைப் பார்ப்போம்.

வில்லியம் ரஸ்ஸல் 1639-இல் பிறந்தவர். பெட்போர்டு பிரபுவின் இளைய குமாரர்களுள் ஒருவர். கேம்பிரிட்ஜில் கல்வி பயின்று, ஐரோப்பாவில் யாத்திரை செய்து, 1660-இல் பார்லிமெண்டு அங்கத்தினரானார். ஆங்கிலப் பிரபு குடும்பங்களில் பிதுரார்ஜிதம் மூத்த மகனையே சேரும். ஆகவே குலப்பெருமை இருந்த அளவுக்குக் கையில் பொருள் இல்லை.

ரேச்சலின் நிலைமை நேர்மாறானது. அவருடைய தந்தை சௌதாம்ப்டன் பிரபு, அரசரின் பொக்கிஷ மந்திரியாயிருந்தவர். தாயார் பிரான்ஸ் தேசத்துப் புராட்டஸ்டண்டு குலத்தவர். பெற்றோர் நிச்சயித்தபடி வாகன் பிரபுவை மணந்த ரேச்சல், 1667-இல் விதவையானார். அதே ஆண்டில் தந்தையும் காலமாகவே, ஸ்ட்ராட்டன் கிராமமும், லண்டனில் புளூம்ஸ்பரி நிலங்களும் அவருக்கு உரிமையாயின. ரஸ்ஸலைவிட வயதிலும் சில ஆண்டுகள் மூத்தவர். இவ்விருவரும் 1669-இல் மணம் புரிந்துகொண்டனர். பெற்றோர் ஏற்பாட்டில் மணந்து ஒருமுறை கைம்மை எய்தியவர், இம்முறை தாமே தேர்ந்து மணந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

பதினான்கு ஆண்டுகள் அவர்கள் குடித்தனம் இனிதே நடந்தது. இரண்டு பெண்களும் ஒரு பிள்ளையும் பிறந்தனர். கணவர் வெளியூர் சென்றபோதெல்லாம் ரேச்சல் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறின. குழந்தைகளின் விளையாட்டு, வீட்டுச் செய்தி, அரண்மனை வதந்தி, சீக்கிரம் திரும்பி வரவேண்டும் என்ற வேண்டுகோள் ஆகிய இவைகளே அவற்றில் நிறைந்திருக்கின்றன. அலங்காரம் ஏதுமில்லை; படிப்பவர் மனம் மட்டும் நிறைந்துவிடுகிறது.

1678-இல் தமையனார் இறக்கவே, வில்லியம் குடும்பத்தின் வாரிசாகி ரஸ்ஸல் பிரபு எனப்பட்டார். அக்காலத்தில் அரசருக்கும் பார்லிமெண்டுக்கும் பெரும் பூசல் மூண்டிருந்தது. அரசரின் தம்பி ஜேம்ஸ், கத்தோலிக்கர். அவர் பட்டமேறினால் பிரான்ஸில் போல் ஏகாதிபத்திய ஆட்சி வந்துவிடும் என விக் கட்சியார் அஞ்சி, அவருக்குப் பட்டவுரிமை கூடாதென மசோதா கொண்டுவந்தனர். 1680-இல் அதனைப் பிரபுக்கள் சபைக்கு ஏந்திச் சென்றவர் ரஸ்ஸலே. பிரபுக்கள் அதனைத் தள்ளிவிட்டனர். இதற்குச் சற்று முன், டைட்டஸ் ஓட்ஸ் என்பவனின் பொய்ச் சாட்சியத்தை நம்பிக் கத்தோலிக்கர் பலர் தூக்கிலிடப்பட்டபோது, ரஸ்ஸலும் அப்பொய்யை மெய்யென்றே நம்பியிருந்தார். நல்லவரையும் மதத்துவேஷம் குருடாக்கும் என்பதற்கு இதுவே சான்று.

1683 ஜூன் மாதத்தில், மன்னரையும் தம்பியையும் வழிமறித்துக் கொல்லச் சதி நடந்ததாகச் செய்தி வெளியாயிற்று. ரஸ்ஸலைப் பிடிக்க வந்த சேவகன் முன்வாயிலில் நின்றான், பின்வாயிலில் காவலில்லை. தப்பலாமா என்று நண்பர்களைக் கேட்டுவர ரேச்சல் சென்றார். ஓடினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என முடிவாயிற்று. ரஸ்ஸல் வீட்டிலேயே இருந்து கைதியானார்.

விசாரணை ஒரே நாளில் முடிந்தது. அக்காலத்து ஆங்கிலச் சட்டப்படி, ராஜத்துரோகக் குற்றவாளி, நடந்த சங்கதிகளைக் குறித்து வாதிக்க வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. குற்றப்பத்திரிகையின் நகலும் கிடையாது. ரஸ்ஸல் தவணை கேட்டார், மறுக்கப்பட்டது. குறிப்பெழுத ஒருவர் வேண்டுமென்றார். வேலைக்காரரில் ஒருவர் எழுதலாம் என்று பதில் வந்தது. அதற்காகத் தம் மனைவியே வந்திருப்பதாக ரஸ்ஸல் தெரிவித்தபோது சபையோர் உள்ளம் உருகியதாகச் சொல்வர். ஒரு மது வியாபாரியின் வீட்டில், அரசரின் காவற்படையைப் பிடிப்பது பற்றிப் பேச்சு நடந்தபோது ரஸ்ஸல் அங்கிருந்தார் என்பதே முக்கியமான சாட்சியம். அரசரைக் கொல்ல நினைத்ததேயில்லை என அவர் மறுத்தார். தம் உயிரைக் காத்துக்கொள்ளச் சாட்சி கூறிய ஹோவர்டு பிரபுவின் சொல்லும் சேர்ந்துகொண்டது. ஜூரர்கள் குற்றவாளி என்றனர்.

பின்னர் ரேச்சல் அரசரிடம் மன்றாடினார். முதிய மாமனாரும் மன்றாடினார். பலனில்லை. பர்னெட், டில்லட்சன் என்னும் இரு பாதிரிமார் வேறொரு வழி கண்டனர். எக்காரணத்தாலும் அரசரை எதிர்ப்பது பாவம் என்று ரஸ்ஸல் எழுதிக்கொடுத்தால் உயிர் பிழைக்கக்கூடும். ஒரு வரி போதும். சுதந்திர ஜாதியார் தம் உரிமை பறிக்கப்படும்போது தற்காத்துக்கொள்ளலாம் என்றே தாம் நம்புவதாகவும், நம்பாததை எழுத இயலாதெனவும் அவர் மறுத்துவிட்டார். அவரை மனம் மாற்ற ரேச்சலும் கண்ணீர் விட்டு வற்புறுத்தவில்லை. கணவர் உயிரைவிட அவர் மனச்சாட்சி பெரிதென எண்ணியிருக்கவேண்டும். அதை எண்ண எவ்வளவு வலி பொறுத்திருக்கவேண்டும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

ஜூலை 20-ஆம் தேதி இரவு ரேச்சல் விடைபெற்றார். கணவரின் திடம் குலையக்கூடாதென ஒரு துளி கண்ணீரும் சிந்தவில்லை. அவர் போன பின்பு, மரணத்தின் கசப்பு கடந்துவிட்டது என்று ரஸ்ஸல் கூறியதாகப் பர்னெட் எழுதிவைத்திருக்கிறார். மறுநாள் லிங்கன்ஸ் இன் மைதானத்தில் சிரச்சேதம் நிறைவேறியது. அதே தினத்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை, அரசரை எதிர்க்கலாம் என்னும் கொள்கைகளைக் கண்டித்துத் தீர்மானம் செய்து புத்தகங்களையும் கொளுத்தியது. கல்விச்சாலையில் காலம் கழிக்கும் நமக்கு, இவ்விரண்டில் பின்னதே அதிக வெட்கம் தருகிறது.

கொலைமேடையில் ரஸ்ஸல் கொடுத்த கடிதம் உடனே அச்சாகிப் பரவியது. அது பர்னெட் புனைந்தது என்று அரண்மனையார் சந்தேகித்தனர். வைதவ்யத் துயரம் ஆறுமுன்னரே ரேச்சல் அரசருக்கு எழுதி, அவ்வார்த்தைகள் தம் கணவருடையனவே என உறுதி கூறினார். பின்பு நாற்பது ஆண்டுகள் உயிர் வாழ்ந்து, சொத்துக்களை நிர்வகித்து, மக்களை வளர்த்து, 1723-இல் காலமானார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1688-இல் சிங்காசனம் ஆட்டங்கண்டபோது, அரசராயிருந்த ஜேம்ஸ், முதிய பெட்போர்டு பிரபுவின் உதவியை நாடினாராம். இத்தருணத்தில் உதவக்கூடிய மகன் ஒருவன் தமக்கு முன்பு இருந்தான் என்றாராம் கிழவர். அடுத்த ஆண்டு பார்லிமெண்டு ரஸ்ஸல் மீதான தீர்ப்பை ரத்துச் செய்தது. 1696-இல் இயற்றிய சட்டம், ராஜத்துரோக வழக்கில் குற்றவாளிக்கு வக்கீலும் குற்றப்பத்திரிகையின் நகலும் உண்டு என விதித்தது. அச்சட்டம் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே வந்திருந்தால் ரேச்சலின் பேனாவுக்கு அன்று வேலையிருந்திராது.

இவர்களது சந்ததியில் வந்தவர்தாம் இருமுறை பிரதம மந்திரியான ஜான் ரஸ்ஸல் பிரபு. அவர் தம் முன்னோரின் சரித்திரத்தை 1819-இல் நூலாக எழுதினார். அவருடைய பேரர் பெர்ட்ராண்டு ரஸ்ஸல். முதல் மகாயுத்தத்தை எதிர்த்ததற்காக 1918-இல் சிறை சென்ற தத்துவ ஞானியை நம் நேயர்கள் அறிவார்கள். நம்பாததை எழுத மறுக்கும் வழக்கம் அக்குடும்பத்தில் நெடுங்காலம் நிலைத்தது போலும்.