முட்டுக்கட்டை



யாராவது காரியத்தைக் கெடுத்தால் "முட்டுக்கட்டை போடாதே" என்று திட்டுகிறோம். அந்தக் கட்டை இல்லாமல் தேர் நிலைக்கு வந்து சேராது என்பதை மறந்தே போனோம்.

நம் ஓசூர் மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரர் கோயிலுக்குப் பரீட்சை வந்தால் ஓடுகிறோம். சிவபெருமான் உடும்பாக வந்த தலம் என்று கதை சொல்கிறோம். பங்குனித் தேரோட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுகிற எல்லோரும் ஒரே வடம் பிடிக்கிறோம். ஆனால் சக்கரத்தடியில் யார் நிற்கிறார் என்று பார்க்கிறோமா?

நான் பார்க்கக் கூச்சப்பட்டேன். கட்டை போடுகிறவர்களில் எங்கப்பாவும் ஒருவர். பள்ளிக்கூடம் போகாதவர். போன வருஷம் நண்பர்களோடு வடம் பிடித்தபோது, தெரியாதவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இந்த வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தேன். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. வலது சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் அது தடைபடும், இடது சக்கரம் முன்னே போகும், தேர் வலது பக்கம் திரும்பும். ஒரு நொடி பிசகினால் கால் போய்விடும். உராய்வு, ஆப்பு என்று நாம் மார்க்குக்குப் படிக்கிற மெக்கானிக்ஸ் அத்தனையும் அங்கே இருக்கிறது! "எப்படிப்பா கணக்குப் போடறே?" என்று கேட்டேன். "சக்கரத்தோட சத்தம் சொல்லும்டா" என்றார்.

ஜப்பானில் ஈசே என்ற ஊரின் ஷிண்டோ கோயிலை 20 வருஷத்துக்கு ஒருமுறை மரத்தால் புதிதாகக் கட்டுகிறார்கள். கி.பி. 690-ல் ஆரம்பித்த வழக்கம். போர்க்காலத்தில் தடைபட்டும் விடாமல், 2013-ல் 62-வது முறையாகக் கட்டினார்கள். மரம் புதுசு, தொழில்தான் பழசு. மூத்த தச்சரிடம் இளையவர் கற்றுக்கொள்ள அது ஒரு வாய்ப்பு.

இங்கே அந்த வாய்ப்பு வருஷா வருஷம் வருகிறது. நாம்தான் கற்றுக்கொள்வதில்லை. 'மெஷின் வந்துவிடும்' என்பீர்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது. அங்கேயும் தேரைத் திருப்புவது முட்டுக்கட்டைதான்!

எனவே என் கருத்து இதுதான்: சாமி கும்பிடுவதோடு திரும்பிவிடாதீர்கள். அடுத்த பங்குனியில் டேப்பும் நோட்டும் எடுத்து வாருங்கள். கட்டையின் அளவு, சாய்வு, போடும் முறை எல்லாவற்றையும் வரைந்து வைப்போம். நம் டிப்ளமோ அந்தக் கைகளுக்கு மேலே இல்லை, பக்கத்தில்தான்.

நான் வருவேன். இந்தத் தடவை முகத்தைத் திருப்ப மாட்டேன்.