முதல்ல ரீசெட் பண்ணுங்க

நெட் வரவில்லை என்று கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், யார் எடுத்தாலும் முதல் பேச்சு இதுதான்: "மோடத்துக்குப் பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும். ஊசி வெச்சு 10 செகண்ட் அழுத்துங்க." எந்த லைட் எரிகிறது என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? ஃபைபர் மோடத்தில் எல்ஓஎஸ் லைட் சிவப்பாக மினுக்கினால், உள்ளே ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். கேபிள் அறுந்திருக்கும், மடங்கியிருக்கும், கனெக்டர் கழன்றிருக்கும். ஊசியால் குத்தி அதைச் சரிசெய்ய முடியுமா?

எதிர்வீட்டில் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். சிவப்பு லைட் எரியும்போதே அவரை அழுத்த வைத்துவிட்டார்கள். பாவம், சேலையில் குத்தியிருந்த பின்னைக் கழற்றி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓட்டையைத் தேடி அழுத்தியிருக்கிறார். மறுநாள் லைன்மேன் வந்து தெருமுனையில் அறுந்து கிடந்த ஃபைபரை ஒட்டினார். சிவப்பு அணைந்தது. நெட் வரவில்லை. எப்படி வரும்? யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் என்று மோடத்தில் போட்டு வைத்திருந்த அத்தனையும் ரீசெட்டில் அழிந்தாயிற்று. திரும்பப் போன் போட்டால், "அதெல்லாம் எங்ககிட்ட இருக்காது மேடம், டெக்னீஷியன் வருவாரு" என்கிறார்கள். வைஃபை பெயரும் மாறிப்போனதால், வெளியூரிலிருந்து மகன் பார்த்துக்கொண்டிருந்த வாசல் கேமராவும் செத்துக் கிடந்தது. வயதான அம்மாவைத் தூரத்திலிருந்து கவனிக்க அவனுக்கு இருந்த ஒரே வழி அது.

ரீசெட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற வைரஸ் உலகம் முழுக்க ரவுட்டர்களில் புகுந்தபோது, ஆஃப் செய்து ஆன் செய்தது போதவில்லை. முழு ரீசெட்தான் அதை வெளியேற்றியது. ஆனால் அது கடைசி மருந்து. ரீசெட் செய்ததும் பல மோடங்களில் 'அட்மின்' என்ற பழைய பாஸ்வேர்டே திரும்பி வந்துவிடும். 2016-இல் மிராய் வைரஸ் லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது இப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகள் வழியாகத்தான். அதை மாற்றச் சொல்லி ஒருவரும் எச்சரிப்பதில்லை.

சில நிறுவனங்கள் ரீசெட் ஆன மோடத்துக்குத் தேவையான விவரங்களைத் தங்கள் இடத்திலிருந்தே அனுப்பிவிடுகின்றன. அந்த வசதி இல்லாதவர்கள் கனெக்‌ஷன் கொடுக்கும் அன்றே யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்கட்டும். மாதாமாதம் பணம் கட்டுகிறவரிடம் அதை மறைத்து வைக்க என்ன இருக்கிறது? அதைக் கொடுக்காமல் இனி யாரையும் ஊசி எடுக்கச் சொல்லாதீர்கள்.