அரிசிப் பானைக்குள் ஒரு பாங்கி!

தமிழ்நாட்டில் எத்தனையோ பாங்கிகள் இருக்கின்றன. ஆனால், பெயர்ப் பலகை இல்லாத பாங்கி ஒன்று வீட்டுக்கு வீடு உண்டு. அதற்குக் காவல்காரர் கிடையாது. கணக்குப் புத்தகம் கிடையாது. அரிசிப் பானையின் அடியிலும், கடுகு டப்பாவிலும், மடித்து வைத்த புடவையின் மடிப்பிலும் அது நடந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பெயர் சிறுவாடு!

குடும்பச் செலவுக்குக் கிடைக்கும் பணத்தில் வீட்டுப் பெண்கள் மிச்சம் பிடித்துத் தனியாகச் சேர்த்து வைப்பதே சிறுவாட்டுப் பணம். கணவனுக்கு அது தெரியாது. தெரிந்தாலும், எவ்வளவு என்பது தெரியாது. குழந்தைக்குத் திடீரென்று ஜுரம் வந்தால், பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டும் நாள் நெருங்கினால், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டியிருந்தால், அப்போது அந்தப் பணம் மெல்ல வெளியே வரும். "ஏது இந்தப் பணம்?" என்று கேட்டால் ஒரு சிரிப்புத்தான் பதில்.

இந்தப் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றும் சின்னஞ்சிறு பழக்கங்களிலிருந்து பிறக்கிறது. அந்தப் பழக்கங்களைக் கொஞ்சம் கவனித்துப் பார்ப்பது நல்லது.

ஒரு பிடி அரிசி

உலையில் போட அரிசியை அளந்த பிறகு, அதிலிருந்து ஒரு பிடி எடுத்து வேறு பானையில் போட்டுவிடுவது பழைய வழக்கம். சாப்பிடுகிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு பிடி என்பது சுமார் 50 கிராம். காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி என்று எடுத்தால் மாதத்துக்கு 3 கிலோ. ஆண்டுக்கு 36 கிலோ! மாதக் கடைசியில் கை வறண்டுபோகும்போது இந்தப் பானைதான் கை கொடுக்கும்.

இந்தப் பழக்கம் ஒரு வீட்டோடு நின்றுவிடவில்லை. வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி ஒதுக்கி ஏழைகளுக்கு அன்னமிட வேண்டும் என்று காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் வலியுறுத்தி வந்தார். நாட்டின் வடகிழக்கு மூலையில் உள்ள மிசோராமிலும் இதே வழக்கம் உண்டு. அங்கே கிறிஸ்தவக் குடும்பங்களில் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துத் திருச்சபைக்குக் கொடுக்கிறார்கள். 1910-ல் தொடங்கிய பழக்கம் அது. எங்கோ இருக்கும் மலைநாட்டுப் பெண்ணுக்கும் தமிழ்நாட்டுப் பெண்ணுக்கும் ஒரே யோசனை தோன்றியிருக்கிறது!

குப்பைக்குப் போகாத பொருள்கள்

சிக்கனமான வீட்டில் குப்பைக் கூடைக்கு வேலை குறைவு. அரிசி கழுவிய நீர் மாட்டுக்குப் போகும். மாடு இல்லாத வீட்டில் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். வடித்த கஞ்சி பருத்திப் புடவைக்கு மொடமொடப்பு ஏற்றும். கரைத்துப் பிழிந்த புளிச் சக்கை பித்தளைக் குடத்தைப் பொன்னாக்கும். தேங்காய் சமையலுக்கு, நார் பாத்திரம் தேய்க்க, கொட்டாங்கச்சி அடுப்பெரிக்க.

துணியின் கதை இன்னும் நீளம். பழைய வேட்டி முதலில் துண்டாகும். பிறகு அடுப்படிக் கரித்துணியாகும். பழைய நூல் புடவை குழந்தைக்குத் தூளியாகும். குழந்தை வளர்ந்த பிறகு தலையணை உறையாகும். அதற்கும் மிஞ்சியதை மூட்டை கட்டி வைத்திருந்து, பாத்திரக்காரி தெருவில் குரல் கொடுக்கும்போது எவர்சில்வர் கிண்ணமாக மாற்றிக்கொள்வார்கள். அந்தப் பேரத்தை ஒரு முறை கேட்டவர்களுக்குப் பெரிய வியாபாரிகளின் பேரமெல்லாம் சாதாரணமாகத் தோன்றும்!

காலம் மாறினாலும் சாமர்த்தியம் மாறவில்லை. கரைந்து தேய்ந்த சோப்புத் துண்டைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டுகிறார்கள். பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து, இன்னும் நாலு நாளைக்கு ஓட்டுகிறார்கள். பால் உறைகளைக் கழுவி, காய வைத்து, அடுக்கி, பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடுகிறார்கள். கொண்டைக்கடலையை இரவே ஊற வைத்து எரிவாயுவை மிச்சப்படுத்துகிறார்கள்.

சில வீடுகளில் சுவரில் தொங்கும் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் மின்சார மீட்டரின் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். காரணம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2016 மே மாதத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறைப்படி, இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் இரண்டு மடங்கு கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. ஆகவே, ஐம்பதாவது நாளில் மீட்டரைப் பார்த்து, "இனி பத்து நாள் ஜாக்கிரதை!" என்று சொல்லும் பெண்மணி கஞ்சப் பிசினாரி அல்ல. கணக்குத் தெரிந்தவர்.

சிக்கனம் எது? கஞ்சத்தனம் எது?

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிய ஒரே ஒரு கேள்வி போதும். மிச்சம் பிடித்த காசு எங்கிருந்து வந்தது?

வீணாகப் போவதிலிருந்து வந்தால் அது சிக்கனம். இன்னொருவருடைய வயிற்றிலிருந்தோ கூலியிலிருந்தோ வந்தால் அது கஞ்சத்தனம். வேலை செய்யும் அம்மாளுக்கு மூன்றாம் டிக்காஷனில் காப்பி கலந்து கொடுப்பது சிக்கனம் ஆகாது. குளிரூட்டிய பெரிய கடையில் சீட்டில் உள்ள விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, வாசலில் வெயிலில் நிற்கும் கீரைக்காரியிடம் இரண்டு ரூபாய்க்கு வாதாடுவதும் சிக்கனம் ஆகாது.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விஷயமே. தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அநேக வீடுகளில் யாருடைய வயிற்றிலிருந்து அதிகமாக மிச்சம் பிடிக்கப்படுகிறது? சிக்கனம் பிடிக்கும் அந்தப் பெண்ணின் வயிற்றிலிருந்துதான்!

எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மிஞ்சியது அவளுக்கு. முட்டை பிள்ளைகளுக்கு. மீன் துண்டு கணவனுக்கு. குழம்பில் கிடந்த வண்டல் அவளுக்கு. முந்தின நாள் மிஞ்சிய சோறும் அவளுக்கே. உடம்புக்கு முடியவில்லை என்றால் குடும்பத்தில் கடைசியாக டாக்டரிடம் போகிறவளும் அவளே. "எனக்கு என்ன, ஒரு கஷாயம் குடித்தால் சரியாகிவிடும்" என்பாள். அந்த டாக்டர் பீஸும் சிறுவாட்டில் சேர்ந்துவிடும்.

2019-லிருந்து 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால், கடைசிப் பந்தியில் உட்காரும் வழக்கத்துக்கு இதில் பங்கே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சோற்றில் மிச்சம் பிடித்தால் பணம் சேரும். ரத்தத்தில் மிச்சம் பிடித்தால், சேர்ந்த பணமெல்லாம் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்.

முருங்கைக் கீரைக்கு அதிகச் செலவு இல்லை. வேர்க்கடலைக்கும் கேழ்வரகுக்கும் பெரிய செலவு இல்லை. வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, இருப்பதைப் பங்கிட்டுச் சாப்பிடுவதற்குச் செலவே இல்லை!

நவம்பர் 8 இரவு

சிறுவாட்டின் பலத்தையும் பலவீனத்தையும் நாடு ஒரே இரவில் கண்டது. 2016 நவம்பர் 8-ந் தேதி இரவு, ரூ.500, ரூ.1,000 நோட்டுகள் நள்ளிரவு முதல் செல்லாது என்று பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். பழைய நோட்டுகளைப் பாங்கியில் கட்ட டிசம்பர் 30 வரை அவகாசம் கொடுக்கப்பட்டது.

அன்றிரவு அரிசிப் பானைகள் அசைந்தன. பருப்பு டப்பாக்கள் திறந்தன. பல ஆண்டுகளாக யாருக்கும் தெரியாமல் சேர்த்த பணத்தைப் பெண்கள் வெளியே எடுக்க வேண்டி வந்தது. சொந்தமாகக் கணக்கு இல்லாதவர்கள் கணவனிடமோ மகனிடமோ கொடுத்தார்கள். சில வீடுகளில், "இவ்வளவு சேர்த்திருக்கிறாயா!" என்று பெருமைப்பட்டார்கள். சில வீடுகளில், "எனக்குத் தெரியாமலா?" என்று கோபித்துக்கொண்டார்கள். இன்னும் சில வீடுகளில் பாங்கிக்குப் போன பணம் அவளிடம் திரும்பவே இல்லை.

வீட்டுப் பெண்கள் ரூ.2½ லட்சம் வரை கட்டினால் வருமான வரி இலாகா கேள்வி கேட்காது என்று அரசாங்கம் அப்போது அறிவித்தது. அரசாங்கம் கேட்கவில்லை. வீட்டில் கேட்டவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இப்போது இன்னொரு இடைஞ்சலும் வந்திருக்கிறது. மளிகைக் கடையிலும் காய்கறி வண்டியிலும் கணவனின் கைபேசியிலிருந்தே பணம் போய்விடுகிறது. சில்லறை கைக்கு வருவதில்லை. சில்லறை வராவிட்டால் சிறுவாடு ஏது? முன்பு மிச்சம் பிடித்தால் அது அவள் கையில் நிற்கும். இப்போது மிச்சம் பிடித்தாலும் அது கணவன் கணக்கிலேயே நின்றுவிடுகிறது.

யாருடைய பணம்?

"நான் சம்பாதித்த பணம்தானே?" என்று சில ஆண்கள் கேட்கலாம். அதற்கு 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பில் விடை இருக்கிறது. மனைவி வீட்டைக் கவனித்துக்கொள்வதால்தான் கணவனால் வெளியே சென்று சம்பாதிக்க முடிகிறது. ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவளுக்கும் சம பங்கு உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

சொத்திலேயே பங்கு உண்டு என்றால், புளிச் சக்கையையும் பால் உறையையும் காசாக்கிச் சேர்த்த பணம் யாருடையது என்று கேட்கவும் வேண்டுமா?

பானையிலிருந்து பாஸ் புத்தகத்துக்கு

சிறுவாடு நல்ல பழக்கம். ஆனால், அரிசிப் பானை நல்ல பாங்கி அல்ல. அங்கே வட்டி கிடையாது. எலி உண்டு, பூச்சி உண்டு, திருட்டுப் பயம் உண்டு. நோட்டுச் செல்லாமல் போகும் அபாயமும் உண்டு என்பது தெரிந்துவிட்டது.

சிறு சேமிப்புக்கு வழி இல்லாமல் இல்லை. 1882-லேயே இந்தியாவில் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கு வந்துவிட்டது. மாதம் ரூ.100 கட்டினாலே தபால் ஆபீஸில் ஐந்து ஆண்டுத் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். முடிவில் கட்டிய ரூ.6,000-மும் வட்டியும் கைக்கு வரும். பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தை இருந்தால், 2015-ல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. அதில் ஆண்டுக்கு ரூ.250 கட்டினாலும் போதும்.

தருமபுரி மாவட்டத்தில் 1989-ல் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது, அவர்கள் போட்ட முதலும் இந்தச் சில்லறைக் காசுதான். அந்தக் குழுக்கள் பிறகு தமிழ்நாடு முழுவதும் பரவின. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் ரூ.1,000 வீதம் பெண்களின் சொந்தக் கணக்குக்கே அனுப்பப்பட்டது. அதனால், கணக்கே இல்லாதிருந்த பல பெண்களின் கைக்கும் பாஸ் புத்தகம் வந்தது.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை! பதிவு செய்யாத ஏலச்சீட்டிலும் தீபாவளிச் சீட்டிலும் சிறுவாட்டுப் பணத்தைப் போடக் கூடாது. 1982-ம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டு நடத்துகிறவர் அதைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? பிடி பிடியாகச் சேர்த்ததை ஒரே நாளில் வாரிக் கொடுத்துவிட்டுக் கண்ணீர் விடுவதைவிட இது மேல்.

ஆண்கள் செய்ய வேண்டியது

பெண்களுக்குப் புத்தி சொல்வதோடு இந்த விஷயம் முடிந்துவிடாது. சம்பளம் வந்ததும், வீட்டுச் செலவுப் பணத்தை மனைவியின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்பிவிடலாம். மிஞ்சியது அவளுடையது என்று வாய் திறந்து சொல்லலாம். அந்தக் கணக்கைத் துருவித் துருவிக் கேட்காமல் இருக்கலாம். வெளியில் ஒரு நாளைக்கு நாலு காப்பி குடிக்கிறவர் ஒன்றைக் குறைத்துக்கொண்டால், சிக்கனம் அடுப்படியில் மட்டும் நடக்க வேண்டிய வேலை அல்ல என்பது பிள்ளைகளுக்கும் புரியும்.

இத்தனை காலமும் பெண்கள் ஒளித்துச் சேர்த்தது எதற்காக? தங்களுக்காக அல்ல. ஆபத்துக் காலத்தில் குடும்பம் கடன்காரன் வாசலில் நிற்கக் கூடாது என்பதற்காக! குடும்பத்தைக் காப்பாற்றும் பணத்தைத் திருடிய பொருளைப் போல ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?

சிறுவாடு வளரட்டும். அது அவள் தட்டிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டாம். அவள் பெயரிலேயே இருக்கட்டும். ஒரு பிடி அரிசியை மிச்சம் பிடிக்கிற கைக்கு, ஒரு பிடி சோறு குறையாமல் பார்த்துக்கொள்வதே ஒவ்வொரு வீட்டின் முதல் சிக்கனம்!