காதால் கேட்டீர்களா, கண்ணால் கேட்டீர்களா?

ஒரு ஜோடி கம்பி. நீளம் 12 அடி. ஆம்ப்ளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற கம்பிதான். அதன் விலை என்ன தெரியுமா?

7,250 டாலர்!

2007-ம் ஆண்டு அமெரிக்காவில் பியர் என்ற கம்பெனி இந்த விலைக்கு அதை விற்றது. அன்றைய கணக்கில் நம் பணத்துக்கு ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய். அந்தப் பணத்துக்கு அன்று நம் ஊரில் ஒரு மாருதி 800 காரே வாங்கியிருக்கலாம்.

ஜேம்ஸ் ராண்டி என்பவர் இதைக் கேள்விப்பட்டார். மேடையில் ஜால வித்தை செய்து பெயர் வாங்கியவர் அவர். கண்ணையும் காதையும் எப்படி ஏமாற்றலாம் என்பது அவருக்கு அத்துப்படி. அவர் ஒரு சவால் விட்டார்.

"விலை உயர்ந்த கம்பி எது, சாதாரணமான நல்ல கம்பி எது என்று பார்க்காமல், கேட்டு மட்டும் பிரித்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் 10 லட்சம் டாலர் பரிசு!" இதுதான் சவால்.

பேச்சு நடந்தது. கடிதங்கள் போயின, வந்தன. பரீட்சை மட்டும் நடக்கவே இல்லை. பரிசுப் பணம் இருந்த இடத்திலேயே இருந்தது.

கம்பி பாடுமா?

கம்பி பாடாது. மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். குழாயில் தண்ணீர் போகிற மாதிரிதான். குழாய் ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்தால் தண்ணீர் குறைந்து வரும். கம்பியும் அப்படியே. இதற்குத் தடை என்று பெயர். அந்தத் தடையை அளக்கலாம். அதன் அளவு ஓம்.

வீட்டுச் சுவருக்குள் மின்சாரத்துக்காக ஓடுகிறதே இரண்டரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, அதே கனமுள்ள கம்பியை 12 அடிக்குப் போடுங்கள். போக வர 24 அடி. அதன் தடை ஓர் ஓமில் 20-ல் ஒரு பங்கு. ஸ்பீக்கரின் தடை சாதாரணமாக 8 ஓம். ஆகவே மின் அழுத்தத்தில் 1,000 பங்குக்கு 6 பங்குதான் கம்பியில் நஷ்டம். மீதி 994 பங்கும் ஸ்பீக்கருக்குப் போய்விடுகிறது. அந்த 6 பங்கு குறைவதைக் கண்டுபிடிக்கிற காது எவருக்கும் இல்லை.

தலைமுடி மாதிரிக் கம்பியை 50 அடி இழுத்தால் ஒலி மாறத்தான் செய்யும். அதற்கு மருந்து கொஞ்சம் தடித்த கம்பி. 3 லட்சம் ரூபாய் அல்ல.

அப்படியானால், "கம்பியை மாற்றினேன், பாட்டு தேனாக இருக்கிறது" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா?

இல்லை! அவர்களுக்கு நிஜமாகவே தேனாகக் கேட்கிறது. அங்கேதான் இருக்கிறது சங்கதி. அதே காப்பியை வெள்ளி டம்ளரில் கொடுத்துப் பாருங்கள். மணம் கூடிவிடும். கூடியது மணமா, மதிப்பா?

திரை போட்டதும் மார்க் மாறியது!

இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். பிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு நிபுணர்கள், ஹார்மன் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். 1994-ல் அந்தச் சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். தங்கள் கம்பெனி ஊழியர்கள் 40 பேரை உட்கார வைத்தார்கள். நாலு ஸ்பீக்கர்களைக் கேட்க வைத்து மார்க் போடச் சொன்னார்கள். ஒரு முறை ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். இன்னொரு முறை, ஒலியைத் தடுக்காத மெல்லிய திரைக்குப் பின்னால் அதே ஸ்பீக்கர்கள்.

பார்த்துக்கொண்டு கேட்டபோது, பெரிய, அழகான பெட்டிகளுக்கு மார்க் ஏறியது. விலை குறைந்த சின்னப் பெட்டிக்கு இறங்கியது. திரை விழுந்ததும் அந்த வித்தியாசம் சுருங்கிப் போயிற்று. ஸ்பீக்கர் செய்கிற கம்பெனியின் ஆட்களுக்கே இந்தக் கதி என்றால், மற்றவர்கள் எம்மாத்திரம்?

2007-ல் பாஸ்டன் நகரில் மேயர், மோரன் என்ற இருவர் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். சாதாரண சி.டி.யைவிட உயர்ந்தது என்று விளம்பரம் செய்த வட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒலியை அப்படியே ஒரு முறை, அதையே சி.டி. அளவுக்குக் குறைத்து ஒரு முறை. எது எது என்று கேட்பவர் சொல்ல வேண்டும். 554 தடவை சோதித்தார்கள். சரியாகச் சொன்னது 276 தடவை!

பூவா தலையா போட்டுச் சொல்லியிருந்தாலும் பாதி சரியாகத்தானே வந்திருக்கும்?

பாடகி எங்கே?

அப்படியானால் பார்க்காமல் கேட்டால் போதுமா? போதாது. இந்த வேடிக்கையைக் கேளுங்கள்.

1915-ல் எடிசன் கம்பெனி தன் பாட்டுப் பெட்டியை விற்க அமெரிக்காவில் ஊர் ஊராகக் கச்சேரி வைத்தது. மேடையில் ஒரு பாடகி. பக்கத்தில் பெட்டி. பாடகியும் பெட்டியும் சேர்ந்து பாடும். பாடகி நிறுத்துவார், பெட்டி தொடரும். திடீரென்று விளக்கு அணையும். பாட்டு மட்டும் நிற்காது. மறுபடி விளக்கு எரியும்போது, பாடகியைக் காணோம்! பெட்டிதான் பாடிக்கொண்டிருக்கும். கைதட்டல் விண்ணைப் பிளக்கும். "இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை" என்று ஜனங்கள் பேசிக்கொண்டு போவார்கள். பெட்டி விற்கும்.

அந்தக் காலத்துப் பெட்டியின் ஒலியை இன்று கேட்டால் சிரிப்பு வரும். டப்பாவுக்குள்ளிருந்து வருகிற குரல்! பிறகு எப்படி ஏமாந்தார்கள்?

அப்படிப் பாடியவர்களில் ஒருவர் அன்னா கேஸ். வயதான பிறகு, 1972-ல் அவரே சொல்லிவிட்டார். பெட்டியின் ஒலிக்குத் தகுந்தபடி தன் குரலை மாற்றிப் பாடினாராம்! பெட்டி மனிதரைப் போலப் பாடவில்லை. மனிதர் பெட்டியைப் போலப் பாடினார்!

பரீட்சை வைத்ததும் கம்பெனி. சரக்கு விற்றதும் கம்பெனி. தராசு வியாபாரி கையில் இருந்தால் எடை எப்படி இருக்கும்?

ஆயிரம் வாட் பெட்டி

"இதெல்லாம் அமெரிக்கக் கதை. நமக்கு என்ன?" என்கிறீர்களா? நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

1980-களிலும் 90-களிலும் நம் ஊர்க் கடைகளில் 'டூ இன் ஒன்' வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். அட்டைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 1,000 வாட் என்று போட்டிருக்கும். பக்கத்தில் சின்னதாக பி.எம்.பி.ஓ. என்று இருக்கும். தீபாவளி போனஸில் பாதி அதற்கே போய்விடும். அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று யார் கேட்டார்கள்?

1,000 வாட் என்றால் அது இஸ்திரிப் பெட்டி இழுக்கிற மின்சாரம். பாட்டுப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மின்சாரச் செலவு 20 வாட் என்று இருக்கும். 20 வாட்டை வாங்கிக்கொண்டு, தொடர்ந்து 1,000 வாட் கொடுக்கிற யந்திரம் உலகத்தில் கிடையாது. அரைப்படி அரிசியில் ஊருக்கே விருந்து வைக்க முடியுமா?

பி.எம்.பி.ஓ. என்பது, கண் இமைக்கும் நேரத்துக்கு எவ்வளவு வரலாம் என்று போடுகிற கணக்கு. அதை எப்படி அளப்பது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி இல்லை. ஆளுக்கு ஒரு கணக்கு. தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தியைச் சொல்வது ஆர்.எம்.எஸ். அளவு. கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான்.

அமெரிக்காவிலும் இதே கூத்து நடந்தது. 1974-ல் அந்த நாட்டு வியாபாரக் கமிஷன் சட்டம் போட்டது. ஆம்ப்ளிபயரின் சக்தியை விளம்பரத்தில் சொன்னால், தொடர்ந்து கொடுக்கிற அளவை, இன்ன முறைப்படி அளந்து சொல்ல வேண்டும் என்றது. அப்படியும் கம்பெனிகள் சந்து பொந்து கண்டுபிடித்தன. 2024-ல் அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்க வேண்டி வந்தது.

"அளக்கிற கருவிக்குச் சங்கீதம் தெரியுமா?" என்று விற்பவர்கள் கேட்பார்கள். தெரியாதுதான். காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாய்க்கு வைத்தியம் தெரியுமா? ஆனால் காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று அதுதானே சொல்கிறது! பாட்டு உள்ளத்தை உருக்குகிறதா என்பது உங்கள் விஷயம். நடுவில் இருக்கிற சாமான் பாட்டில் எதையாவது கூட்டியதா, குறைத்ததா என்பது கருவியின் விஷயம். காதுக்கு எட்டாத மாற்றத்தையும் அது பிடித்துவிடும்.

வித்தியாசம் உண்மையிலேயே எங்கே இருக்கிறது? ஸ்பீக்கரில். ஒன்றுக்கொன்று நிறையவே மாறும். அதற்கு அடுத்தது நீங்கள் உட்காருகிற அறை. நாலு பக்கமும் வெறும் சிமெண்டுச் சுவரும் வழவழப்பான தரையுமாக இருந்தால், எவ்வளவு உயர்ந்த பெட்டியும் இரைச்சலாகத்தான் கேட்கும். ஜன்னலுக்குக் கனமான திரை, தரையில் ஒரு ஜமக்காளம், சுவர் ஓரம் புத்தக அலமாரி. இவ்வளவு போதும், எதிரொலி அடங்கும்.

கடைக்குப் போனால் இரண்டு பெட்டிகளை ஒரே பாட்டில், ஒரே சத்தத்தில் போடச் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகக் கேட்பது எப்போதும் நன்றாக இருப்பது போலவே தோன்றும். விற்பவர்களுக்கு இது தெரியும்! வீட்டு அம்மாளையோ பிள்ளையையோ திரும்பி நின்று கேட்கச் சொல்லுங்கள். விலையை முதலில் சொல்ல வேண்டாம். பிறகு பெட்டியைத் திருப்பி, ஆர்.எம்.எஸ். எத்தனை வாட் என்று கேளுங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால், அடுத்த கடை நாலு கடை தள்ளித்தான் இருக்கும்.