கீழே சிவப்புக் குளம், கையில் ஸ்பேனர்

பழைய அமெரிக்கக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான். இரண்டு மாசம் ஷெட்டில் நின்ற வண்டி. ஒரு நாள் குனிந்து பார்த்தால் கியர்பாக்ஸுக்கு அடியில் சிவப்பாக ஒரு குளம். டிப்ஸ்டிக்கை உருவினால் ஃபுல் கோட்டுக்கு எங்கேயோ மேலே ஆயில். பக்கத்திலிருப்பவர் உடனே சொல்வார்: யாரோ அதிகமா ஊத்திட்டாங்க, ஒரு லிட்டரை உறிஞ்சி எடுத்துடு!

என்னைக் கேட்டால் இதைவிட மோசமான யோசனை கிடையாது.

1962-ல் வந்த கிரைஸ்லரின் டார்க்ஃப்ளைட் 727-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆயிலில் கணிசமான பங்கு டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும். இன்ஜின் ஓடும்வரை பம்ப் அதை நிரப்பியே வைத்திருக்கும். வண்டி வாரக்கணக்கில் நின்றால் அந்த ஆயில் மெல்லக் கசிந்து கீழே பேனுக்கு வந்துவிடும். மட்டம் ஏறும். கியர் லீவர் ஷாஃப்ட்டின் சீல், வழக்கமாக ஆயில் தொடாத உயரத்தில் இருப்பது, இப்போது ஆயிலுக்குள். வயதான சீல் என்ன செய்யும்? ஒழுகும். ஆயில் அதிகமில்லை சாமி, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான் :-)

இந்த நிலையில் ஒரு லிட்டரை எடுத்துவிட்டு ஓட்டினால்? கன்வெர்ட்டர் நிரம்பியதும் பேனில் ஆயில் போதாது. பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் குறையும், கிளட்ச் வழுக்கிக் கருகும். சின்ன ரப்பர் சீலில் முடிய வேண்டியது ஓவர்ஹாலில் போய் நிற்கும்.

அதனால் முதலில் வண்டியை ஓட்டிச் சூடாக்குங்கள். சமதரையில், ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜின் ஓடும்போதே பாருங்கள். கிரைஸ்லரை நியூட்ரலில்தான் பார்க்கணும்; பழைய டார்க்ஃப்ளைட்டில் பார்க் நிலையில் கன்வெர்ட்டருக்கு ஆயில் போகாது. ஜிஎம்மின் டர்போ ஹைட்ராமேட்டிக் என்றால் பார்க்கில். ஒரு வண்டியின் பழக்கத்தை இன்னொன்றில் காட்டி ஏமாந்தவர்கள் நிறைய.

சூட்டிலும் மட்டம் மேலேயே நின்றால் சரி, அப்போது எடுங்கள். அதிகமான ஆயிலைச் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கும். நுரை வென்ட் வழியாக வெளியே வரும். வென்ட்டில் சேறு அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நிறம் ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் மாதிரி இருந்தால் மட்டும் கதையே வேறு. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்திருக்கிறது. அந்த வண்டியைத் தெருமுனைவரைகூட ஓட்டாதீர்கள், கிளட்ச் தகட்டின் பசை இளகிவிடும்.

ஒழுகாமலேயே ஆயில் காணாமல் போகும், புகை மட்டும் வெள்ளையாக வரும் கேஸ் ஒன்றும் உண்டு. அது வேக்யூம் மாடுலேட்டர் கிழிந்த கதை. செமஸ்டர் முடியட்டும், தனியாக எழுதுகிறேன்.