ரயில் போன பாதையில் அப்பாவின் சைக்கிள்

வாரத்தில் ஐந்து நாள், காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை, அரை மணிக்கு ஒரு முறை நான் வானொலியில் வாசிப்பது சாலை நெரிசல். கூட்டரசு நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்கின்றன, எல்டிபியில் லோரி பழுது, கெசாஸில் விபத்து, இடது தடம் மூடல். "கவனமாக ஓட்டுங்கள் நேயர்களே" என்று சொல்லி ஒரு பாட்டைப் போட்டுவிடுவேன். அதோடு என் கடமை முடிந்தது.

என் அப்பா ஒரு காலத்தில் அந்தச் சாலைகளில் சைக்கிளில் வேலைக்குப் போனவர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், பின்னால் வந்த வேன் அவரைத் தட்டிவிட்டுப் போனது. நின்றுகூடப் பார்க்கவில்லை. முறிந்த தோள்பட்டை எலும்பு ஆறு மாதத்தில் கூடிவிட்டது. ஆனால் அப்பா மறுபடி சைக்கிளைத் தொடவில்லை. பேத்திக்கு சைக்கிள் வாங்கியபோதும், "காருக்குப் பக்கத்துல ஓட்டக்கூடாது, கேட்டுக்கு உள்ளேயே ஓட்டு" என்பதுதான் தாத்தாவின் ஒரே பாடம். எங்கள் வீட்டு கேட்டுக்கு உள்ளே கார் நிறுத்தவே இடம் போதாது.

அதனால், ஆஸ்திரேலியாவில் கார் வராத பாதை ஒன்று இருக்கிறது, மார்ச் விடுமுறைக்கு அங்கே போய் சைக்கிள் ஓட்டலாம் என்று நான் சொன்னபோது அப்பா பதில் சொல்லவில்லை. அம்மாதான் பேசினார். "ஒயின் ஊருக்கா? பிள்ளைய வெச்சிக்கிட்டா? தோட்டத்துல கள்ளுக்கடையைப் பார்த்து வளர்ந்தவ நான். இன்னொண்ணைக் காசு குடுத்துப் போய்ப் பாக்கணுமா?" அம்மாவின் கோபத்துக்குக் காரணம் உண்டு. சம்பள நாளில் தாத்தா வீடு வந்து சேர்ந்த கதைகள் எங்கள் குடும்பத்தில் சிரித்துச் சொல்லப்படும் கதைகள் அல்ல.

ஒருவழியாகப் போனோம். அடிலெய்டிலிருந்து வடக்கே ஏறக்குறைய 140 கிலோமீட்டர், காரில் இரண்டு மணி நேரம். கிளேர் பள்ளத்தாக்கு. ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை ஒயினுக்குப் பேர்போன இடம். அந்தத் திராட்சையின் பெயரிலேயே ஒரு சைக்கிள் பாதையும் இருக்கிறது, ரீஸ்லிங் டிரெயில். ஆபர்ன் என்ற சிற்றூரில் தொடங்கி கிளேர் வரை ஏறக்குறைய 25 கிலோமீட்டர், அதற்கு வடக்கேயும் கொஞ்சம் நீள்கிறது. தார் போட்ட பாதை இல்லை, அழுத்திச் சமப்படுத்திய பொடிக்கல் பாதை. காரும் இல்லை, மோட்டாரும் இல்லை.

என் கணவரும் அம்மாவும் காரில் ஊர் ஊராக முன்னே போய்க் காத்திருப்பது, நானும் மகளும் சைக்கிளில் வருவது என்று ஏற்பாடு. அப்பாவுக்கும் சேர்த்து ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுத்திருந்தேன். ஓட்டாவிட்டால் காரில் ஏற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம். தலைக்கவசம் அங்கே கட்டாயம். அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா வெகுநேரம் பாதையைப் பார்த்தபடி நின்றார்.

"இது ரயில் பாதை" என்றார் திடீரென்று.

ஆமாம், ரயில் பாதைதான். நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். என் தாத்தா செந்தூலில் ரயில்வே தண்டவாளக் கூலி. அப்பா பிறந்தது ரயில்வே குவாட்டர்ஸில். மலாயா ரயில்வேயில் உழைத்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. "வளைவைப் பாரு, எவ்வளவு அகலமா, நிதானமா வளையுது. ரோடு போடுறவன் இப்படிப் போடமாட்டான். மேட்டை வெட்டியிருக்கான், பள்ளத்தை மண்ணு போட்டு நிரப்பியிருக்கான். நீராவி எஞ்சினால செங்குத்தா ஏற முடியாதில்ல?"

அந்த எஞ்சினின் பலவீனம்தான் இன்று முட்டிவலிக்காரர்களுக்குக் கிடைத்த வரம். எங்கேயும் மூச்சு வாங்கும் ஏற்றம் கிடையாது. மகளிடம் இதை விளக்கிக்கொண்டே அப்பா சைக்கிளில் ஏறிவிட்டார். அவருக்கே தெரிந்து ஏறினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

கிளேருக்கு ரயில் வந்தது 1918-இல். 1983 பிப்ரவரி 16 அன்று தென் ஆஸ்திரேலியாவிலும் விக்டோரியாவிலும் பற்றிய காட்டுத்தீயில் 75 பேர் மாண்டார்கள். சாம்பல் புதன் தீ என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். கிளேர் பகுதியும் அதில் எரிந்தது, தண்டவாளமும் சேதமானது. பழுதுபார்க்கும் செலவுக்குக் கட்டுப்படியாகாது என்று மறு ஆண்டு ரயிலை நிறுத்திவிட்டார்கள். தண்டவாளம் போனது, நிலம் சும்மா கிடந்தது. பிறகு ஊர்க்காரர்களும் ஒயின் தயாரிப்பாளர்களும் முன்னின்று அதைச் சைக்கிள் பாதையாக்க, 1994-இல் முதல் பகுதி திறந்தது. பழைய ஆபர்ன் நிலையக் கட்டடம் இப்போது ஒயின் சுவைக்கும் இடம். சிங்கப்பூரிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. நம் கேடிஎம் ரயில் 2011 ஜூன் 30-ஆம் தேதி வரை தஞ்சோங் பகாருக்கு ஓடிய பாதை இப்போது 24 கிலோமீட்டர் பசுமை வழி. ரயில் நின்றால் அந்த நிலத்தில் உடனே கொண்டோ எழும்பத்தான் வேண்டும் என்று எழுதியா வைத்திருக்கிறது?

லீசிங்ஹாம், வாட்டர்வேல் தாண்டி இருபுறமும் திராட்சைத் தோட்டங்கள். அறுவடைக் காலம். காற்றில் ஏதோ புளித்த வாசனை. வாட்டர்வேலில் காத்திருந்த அம்மா, "தோசை மாவு பொங்குற வாசனை" என்றார். கொடிகளின் வரிசையைப் பார்த்து, "நம்ம தோட்டத்து நிரை மாதிரியே இருக்குது" என்றும் சொன்னார். பால்மரம் வெட்டியவர் கண்ணுக்கு அதுதான் முதலில் தெரியும். ஒரு கடையில் ஒயினை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் தொட்டியில் துப்பும் ஆட்களைப் பார்த்ததும் அம்மாவின் பயம் போய்விட்டது. "துப்புறதுக்கா இவ்வளவு பெரிய தோட்டம்?" என்று என் கணவரிடம் கேட்டாராம். (நான் அரைக் கிண்ணம் சுவைத்தேன். எலுமிச்சைபோல் வெடுக்கென்று இருந்தது. நிதானமிழந்து சைக்கிள் ஓட்டுவதும் அங்கே குற்றம், அதனால் அத்தோடு சரி.)

ஒலியை வைத்துப் பிழைப்பவள் என்பதால் நான் கவனித்தது வேறொன்று. பாதையில் அமைதி என்று ஒன்றும் இல்லை. கிளி கத்துகிறது, சக்கரத்தின் கீழ் கல் நொறுங்குகிறது, முன்னால் போகும் மகள் வாய் ஓயாமல் பேசுகிறாள். ஆனால் பின்னாலிருந்து எதுவும் வருவதில்லை. முதல் அரை மணி நேரம் அப்பா சில விநாடிக்கு ஒரு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தார். வாட்டர்வேல் தாண்டியபோது அது குறைந்தது. பிறகு நின்றே போனது.

பென்வர்த்தமுக்குச் சற்று முன்னால் பாதை ஒரு சாலையைக் கடக்கிறது. கார் வராத பாதை என்று சொன்னேனே, இப்படிச் சில இடங்களில் குறுக்கே சாலை வரத்தான் செய்யும். திராட்சைப் பெட்டிகள் ஏற்றிய சிறு டிரக் ஒன்று வந்துகொண்டிருந்தது. அப்பா பிரேக்கைப் பிடித்து இறங்கிவிட்டார். டிரக்கும் நின்றது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி, போங்கள் என்றார். அப்பா போகவில்லை. நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினார். அவரும் போகவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அந்த ஆள் எஞ்சினை அணைத்துவிட்டார். கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, நாள் முழுக்க நேரம் இருப்பதுபோல் உட்கார்ந்தார்.

அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தார். மறுபக்கம் போய் மறுபடி ஏறியபோது ஹேண்டில் கொஞ்சம் ஆடியது. தலைக்கவசத்தைச் சரிசெய்யும் சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகள், "தாத்தா, வேர்க்குதா?" என்றாள். "ஆமா, வெயிலு" என்றார். குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது.

பென்வர்த்தமில் ஒரு கல்லறை இருக்கிறது. ஜான் ஹோராக்ஸ் என்ற நாடாய்வாளர் 1846-இல், ஆஸ்திரேலியாவில் நாடாய்வுப் பயணத்துக்கு முதன்முதலாக ஒட்டகத்தைக் கொண்டுபோனார். துப்பாக்கியில் குண்டு போடும்போது அந்த ஒட்டகம் அசைய, குண்டு அவர் மேலேயே பாய்ந்தது. சில வாரங்களில் இறந்தார். வயது 28. ஒட்டகத்தையும் சுட்டுவிடச் சொல்லிவிட்டாராம். அப்பா இந்தக் கதையை மிகவும் ரசித்தார். "அப்பவே வாகனத்தால விபத்து" என்றார்.

செவன்ஹில்லில் இயேசு சபைப் பாதிரியார்கள் 1851-இல் பூசைக்கான ஒயினுக்காக நட்ட தோட்டம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே மூத்தது. அது கோயில் காரியத்துக்கு என்றதும் அம்மா நிலவறை வரை இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு கிளேர் வரை ஏழு கிலோமீட்டர் இறக்கம். அப்பா பெடலை மிதிக்காமல் போனார். ஒரு வளைவில் எங்களுக்கு முன்னால் போய் மறைந்தும்விட்டார். நான் கத்திக் கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. என் வயிற்றில் பழைய பயம் ஒரு முறை புரண்டது. வளைவைத் தாண்டினால், ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "ஏன் இவ்வளவு நேரம்?" என்கிறார்.

ஊர் திரும்பி இரண்டு மாதமாகிறது. படிக்கட்டுக்கு அடியில் கிடந்த பழைய சைக்கிளுக்கு அப்பா புது டியூப் போட்டிருக்கிறார். கோலாலம்பூரில் வாகனங்களை நிறுத்திவிட்டு ஞாயிறு காலையில் சைக்கிளுக்குச் சாலையைத் திறந்துவிடுகிறார்களே, அதற்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டார். ஏழு மணிக்கு என்றேன். அங்கே வரை எப்படிப் போவது என்றார். காரில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். கேட்டுக்கு வெளியே அவர் இன்னும் ஓட்டவில்லை.

திங்கட்கிழமை காலை கெசாஸில் மறுபடியும் ஒரு விபத்தை வாசித்தேன். பாட்டைப் போடக் கொஞ்சம் நேரமானது.